எப்போது தறியில் இறங்கலாம்? முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வேலையும் பயிற்சியும்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில், வேலைக்குத் திரும்புவது பற்றி வழக்கமாக இரண்டு வரிகள் இருக்கும். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம். உடலுழைப்பு என்றால் அதற்கும் மேல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் பட்டு நெய்கிறவர் இதில் எந்த வரியில் வருவார்? நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அதே நாள் முழுக்கக் காலால் மிதித்துக்கொண்டும் இருக்கிறார். "எப்போ சார் தறியில இறங்கலாம்?" என்று அவர் கேட்கும்போது, தறிக்குழியைப் பார்த்தே இராத மருத்துவர் ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்.

இந்தக் கேள்விக்குத் தேதி பதிலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். என்ன அறுவை சிகிச்சை நடந்தது, இன்றைக்கு அந்த முழங்கால் என்ன செய்கிறது, தறி அதனிடம் என்ன கேட்கிறது, கூலி இல்லாமல் வீடு எத்தனை நாள் தாங்கும் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் இரண்டையும் மருத்துவ உலகம் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறது. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் முடிவெடுப்பது நான்காவதுதான்.

முதலில் அறுவை சிகிச்சையின் வகை. 'முட்டி ஆபரேஷன்' என்று ஊரில் ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. கிழிந்த ஜவ்வின் ஓரத்தை நுண்துளை வழியாகச் சீவி எடுத்திருந்தால் சில வாரங்களில் பழைய நடை வந்துவிடும். அதே ஜவ்வைத் தைத்திருந்தால் தையல் கூடும்வரை ஆழமாக மடக்கவோ குந்தவோ கூடாது. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அறுந்த தசைநாருக்குப் பதில் புதிதாக ஒன்றைப் பொருத்தியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

அந்தப் புதிய நார் பெரும்பாலும் நோயாளியின் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ எடுத்ததாக இருக்கும். பொருத்திய முதல் சில மாதங்களில் அது வலுப்பெறுவதற்கு முன் வலுவிழக்கிறது. ஆனால் மூன்றாம் மாதம் வலி போய், வீக்கம் வடிந்து, கால் நன்றாகிவிட்டதுபோல் தோன்றும். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஓடிப்போய் மறுபடி அறுத்துக்கொண்டு வரும் இளைஞர்கள் சிக்குவது இந்தக் கட்டத்தில்தான். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஒன்பது மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறு காயத்தின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்தோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஆபரேஷன் செய்த காலின் தொடைத்தசை, மற்றக் காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு; போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான்.

முழங்காலில் கத்தி பட்டுத் திரும்பியவர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கிரிக்கெட் வீரர் டி. நடராஜன் 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஐபிஎல்லில் 18 விக்கெட் எடுத்தார். ரவீந்திர ஜடேஜாவுக்கு 2022 செப்டம்பரில் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அவரை நேராக டெஸ்ட் ஆட்டத்தில் இறக்கிவிடவில்லை. 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் சௌராஷ்டிரத்துக்காக ஆடவைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் 53 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். அதன் பிறகுதான் நாகபுரி டெஸ்ட். அந்தக் கால் நாள் முழுக்க உழைக்குமா என்பதை உழைக்கவைத்தே சோதித்தார்கள். சோதிக்கும் காலம் முழுவதும் சம்பளம் வந்துகொண்டிருந்தது, பயிற்சியாளரும் பக்கத்தில் இருந்தார். சேப்பாக்கத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இந்த முறையும் தெரியாது, வசதியும் கிடையாது.

நடுவயதினர் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேய்ந்த மூட்டை நுண்துளை வழியாகக் கழுவிச் சீவுவது, வெறுமனே தோலைக் கீறித் தைத்துவிடுவதைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2002இல் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. தேய்மானத்தால் கிழிந்த ஜவ்வைச் சீவுவதற்கும் இதே முடிவு என்று 2013இல் பின்லாந்தில் 146 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால் கதை வேறு. அப்படி இல்லையென்றால், 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்ற ஸ்கேன் முடிவை மட்டும் வைத்து தறியை நிறுத்திவிட்டு மேசையில் படுக்க வேண்டியதில்லை. சில மாத முறையான பயிற்சியே பலருக்குப் போதும்.

காஞ்சிபுரத்து வயதான நெசவாளர்களிடம் அதிகம் பேசப்படுவது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000இலும் 2001இலும் மும்பையில் இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டபோது இந்தச் சிகிச்சை நாடு முழுக்கப் பேச்சாயிற்று. அன்று அது வசதி படைத்தவர்களுக்கானது. 2017 ஆகஸ்டில் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமிய மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்கு வந்தது. 2009இல் தொடங்கி 2012இல் புதுவடிவம் பெற்ற மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. கத்தி வைக்கும் செலவு ஏழைக்கும் எட்டும் நிலைக்கு வந்திருப்பது பெரிய விஷயம். அதற்குப் பிந்தைய ஆறு மாதம்தான் இன்னும் எட்டவில்லை.

மூட்டை மாற்றினால் வலி போகும். வலு தானாக வராது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் முன்தொடைத் தசை தன் வலுவில் 60 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருப்பதை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தசை மெலிவது ஒரு காரணம். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலும், அந்தத் தசையை இயக்காதே என்று நரம்பு தடுத்துவிடுவது இன்னொரு காரணம். அதனால் வீக்கத்தோடு சேர்த்து வலுவாக மிதித்தால் தசை வளராது. வீக்கம் கூடி, தசை இன்னும் அடங்கிப்போகும். ஒரு நாளின் பயிற்சி அளவாக இருந்ததா என்பதை மறுநாள் காலை முழங்காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வீக்கமும் வலியும் முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் அன்றைக்குக் குறைக்க வேண்டும். அப்படியே இருந்தாலோ குறைந்திருந்தாலோ ஒரு படி ஏறலாம்.

வீட்டில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அன்போடு மகளோ மருமகளோ முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் லேசாக மடங்கியபடியே பல மணி நேரம் கிடந்தால் முழுதாக நீட்ட வராமல் போய்விடும். நீட்ட வராத கால் நொண்டும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையில் தானே தாழ விட வேண்டும். முதல் சில வாரங்களில் மடக்குவதைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதும் அதே அளவு முக்கியம். தறிக்காரருக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர் திரும்பிப் போவது மணிக்கணக்கில் காலை மடக்கி வைத்திருக்கும் வேலைக்கு.

எந்த அசைவுக்கு எத்தனை பாகை மடங்க வேண்டும் என்பதை 1972லேயே அளந்திருக்கிறார்கள். படி ஏற ஏறத்தாழ 83, நாற்காலியில் உட்கார 93, தரையிலிருந்து ஒரு பொருளை எடுக்க 117. சம்மணம் போடவும் குந்தவும் 111இல் தொடங்கி 165 வரை வேண்டும். மாற்று மூட்டு பொதுவாக 110 முதல் 120 வரை மடங்கும். நாற்காலியும் மேசையும் உள்ள வாழ்க்கைக்கு அது தாராளம். தரையில் உண்டு, தரையில் உறங்கி, தரையில் உட்கார்ந்து தொழில் செய்யும் வாழ்க்கைக்கு அது பற்றாது.

இந்த எண்களைத் தறிக்குழிக்குக் கொண்டுபோனால் எதிர்பாராத ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. குழித்தறியில் நெசவாளி சம்மணம் போடுவதில்லை. குழியின் விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டிருக்கிறார். முழங்கால் ஏறக்குறைய நாற்காலியில் இருப்பதுபோல் 90 பாகையை ஒட்டி மடங்கியிருக்கிறது. மிதியை அழுத்தும்போது கால் நீள்கிறது, விடும்போது மடங்குகிறது. மருத்துவமனையில் சொல்லித்தரும் பயிற்சிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. தறியில் உட்கார்ந்திருப்பது மாற்று மூட்டால் முடியாத காரியமல்ல.

இறங்குவதும் ஏறுவதும்தான் சிக்கல். குழிக்குள் போக, முதலில் தரை மட்டத்துக்கு உடம்பைத் தாழ்த்த வேண்டும். அங்கே கைப்பிடி கிடையாது. ஒரு கையை விளிம்பிலும் மறு கையைத் தறிமரத்திலும் ஊன்றி, பாதி குந்தி, பக்கவாட்டில் சரிந்து, ஒவ்வொரு காலாக உள்ளே விடுகிறார்கள். வெளியே வரும்போது இதைவிடச் சிரமம். உடம்பைத் திருப்பி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழுந்திருப்பது பழக்கம். மூட்டு மாற்றியவர்களில் பலருக்கு மண்டியிடுவது கடைசிவரை கூச்சமும் வலியுமாகவே இருக்கிறது. தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருப்பதும் ஒரு காரணம். கால் மடங்கியபடி உடம்பை முறுக்குவது தைத்த ஜவ்வுக்கும் புதிய நாருக்கும் ஆகாது. சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, அறுந்த இழையைச் சரிபார்க்க என்று ஒரு நாளில் இந்த ஏற்ற இறக்கம் பலமுறை நடக்கிறது.

தீர்வு எளியது. விளிம்பில் சாதாரண நாற்காலி உயரத்துக்கு ஒரு திண்ணைப் பலகை, குழிக்குள் ஒரு படிக்கட்டை, மேலே உத்தரத்திலிருந்து ஒரு கயிறு. திண்ணையில் முதலில் உட்கார்ந்து, திரும்பி, கால்களை ஒன்றாக உள்ளே விட வேண்டும். படிக்கட்டையில் ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஒரு தச்சர் அரை நாளில் செய்துவிடுகிற வேலை. இதை எந்த டிஸ்சார்ஜ் தாளும் சொல்வதில்லை.

அடுத்தது மிதி. எல்லா மிதியும் ஒன்றல்ல. சேலையின் வெறும் உடல் நெசவுக்கான மிதி லேசானது. கரைக்கும் முந்தானைக்கும் வடிவம் எழுப்பும் ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் மிதி கனமானது. அகலக் கரையும் முந்தானையும் நெய்யும்போது ஒவ்வொரு இழைக்கும் அந்தப் பாரத்தை ஒரு கால் தூக்குகிறது. ஆபரேஷன் செய்த கால் அந்தக் கால்தானா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஜக்கார்டு மிதிக்கும் காலுக்கு மூன்று மாதத்தில் கிடைக்கும் பதில் மற்றக் காலுக்கு ஆறு வாரத்திலேயே கிடைக்கலாம்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் ஊற்றெடுத்து, தறி நிற்பது காஞ்சிபுரத்தில் புதிதல்ல. தையல் முழுதாக ஆறாத காலோடு அந்த ஈரத்தில் இறங்குவது ஆபத்து. சர்க்கரை நோய் இருந்தால் இரட்டிப்பு ஆபத்து. செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மூட்டையே எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியிருக்கும். தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வைத்தியம் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தறியே பயிற்சிக் கருவியாக இருந்திருக்கிறது என்பது இங்கே பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக 1916இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் ராணுவ மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் பட்டறைகளை அமைத்தார். வெறுமனே காலை ஆட்டச் சொன்னால் சலிப்படையும் மனிதர்கள், தச்சு வேலையும் நெசவும் செய்யும்போது தங்களை அறியாமலே காலையும் கையையும் இயக்கினார்கள். அதன் பின் பல பத்தாண்டுகள் மேலைநாட்டு மருத்துவமனைகளின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுகளில் கால்மிதித் தறிகள் இருந்தன. அங்கே நோயாளிக்குத் தறியைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் நோயாளிக்கு அது பிறவித் தொழில். அளவு சொல்ல ஒருவர் மட்டும்தான் தேவை.

அந்த அளவை இந்தத் தொழிலின் உள்ளிருந்தே எடுக்கலாம். பட்டு நெசவு ஒரே வேலையல்ல, வேலைகளின் வரிசை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி, தார் சுற்றலாம். வாக்கரை விட்டபின் காலையில் தெருவில் பாவு விரிக்கும்போது கூடப் போய் இழை பார்க்கலாம். நடையும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. பிறகு, கரையை உடலோடு தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்கலாம், மிதிக்க வேண்டியதில்லை. அதன்பின் லேசான உடல் நெசவு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டிக்கொண்டு. கடைசியாக ஜக்கார்டும் முந்தானையும். சேப்பாக்கத்தில் ஜடேஜாவுக்குச் செய்தது இதைத்தான். வீட்டில் தறி வைத்திருப்பவருக்கு இந்தப் படிகளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கோயில் ஊரில் உடம்பு தேறியதற்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திகிரியின் 24 படிகளை ஏறிச் சேவித்தால்தான் பலருக்குத் தாங்கள் குணமாகிவிட்டோம் என்ற நிறைவு. ஏறலாம். தசை வலுப்பெற்ற பின், கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏற வேண்டும். உற்சவக் கூட்டத்தில் வேண்டாம். இறங்குவது ஏறுவதைவிட முழங்காலுக்குக் கடினம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தரையில் விழுந்து வணங்குவதைத் தவிர்த்து நின்றபடி கைகூப்பலாம். ஆனால் கருட சேவையில் வாகனம் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நிலை வேறு. தோளில் பாரத்தோடு கூட்டத்தின் அசைவுக்கு ஏற்ப வளைந்து திரும்பும் அந்த வேலைக்கு மாற்று மூட்டோடு திரும்பக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட வேண்டும். கைங்கரியத்தை விட்டுவிட வேண்டியிருக்கும் என்ற பயத்தில் பலர் வலியை மறைக்கிறார்கள். சுமக்காத வேறு கைங்கரியத்தை அவர்களுக்குக் கோயிலே தர வேண்டும்.

இனி கூலி. பட்டு நெசவில் சேலை அறுத்தால்தான் காசு. ஒரு சேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். பாதி நெய்த சேலைக்குக் கூலி இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்கும். தறியில் ஏற்றிய பாவு காத்திருக்கும். கோர்வை என்றால் எதிரில் உட்காரும் துணையாளும் சேர்ந்தே வேலை இழக்கிறார். பெரும்பாலும் அது மனைவியோ மகனோதான். ஒரு முழங்காலுக்கு இரண்டு கூலி போகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ திட்டத்தில் நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். வீட்டில் தறி போடுகிறவருக்கு அது இல்லை. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. அது அவர்களுடைய கூலியில் பிடித்த பணமும் அரசின் பங்கும். அந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான் ஓய்வெடுக்க வேண்டும். தனியார் முதலாளியிடம் நெய்கிறவருக்கு அதுவும் கிடையாது.

ஆகவே ஆறாம் வாரத்திலேயே வீங்கிய காலோடு ஜக்கார்டு மிதிக்கிறவரை அறியாமைக்காரர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குக் கணக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்குகிறார்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சத்துச் சொச்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். அவர்களிடம் மருத்துவமனையில் 'என்ன வேலை?' என்று கேட்டால் கூட வந்தவரே 'வீட்லதான்' என்று பதில் சொல்லிவிடுகிறார். எனவே தாளில் வேலை பற்றிய வரியே இருக்காது. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரமே தரையில் அரிவாள்மணை, அடுப்படி, வாசல் தெளித்துக் கோலம், அதன்பின் தறி. கோலம் போடுவதற்கு வேண்டிய குந்தல், மாற்று மூட்டின் எல்லையையே தொடுகிறது. நின்று வெட்ட ஒரு மேடையும், மேற்கத்திய கழிப்பறையும், காலை வேலைகளுக்கு இன்னொரு கையும் இல்லாமல் அந்த அறுவை சிகிச்சை பாதிதான் பலன் தரும்.

செய்யக்கூடியவை நிறையவே இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வருகிறவர் கட்டிலருகே காலை மடக்கி நீட்டச் சொல்வதோடு நிற்காமல் தறிக்கூடத்துக்குள் போய்க் குழியின் ஆழத்தையும் மிதியின் கனத்தையும் பார்க்க வேண்டும். ஜக்கார்டு பெட்டியை மோட்டார் தூக்கும் கருவிகள் வந்துவிட்டன. தறி உபகரணங்களின் விலையில் 90 விழுக்காட்டை ஏற்கும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. மோட்டார் வைத்தால் கைத்தறி விசைத்தறியாகிவிடும் என்ற அச்சம் ஊரில் உண்டு. நாடா வீசுவதும் இழை அடிப்பதும் கோர்வை கோப்பதும் கையால்தான் நடக்கிறது. பாரம் தூக்குவதை மட்டும் கால் விடுகிறது. இதை எதிர்ப்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கூட்டுறவுச் சங்கங்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட உறுப்பினருக்கு மூன்று மாதம் தார் சுற்றலும் பாவு வேலையும் முன்னுரிமையாகத் தந்து, குறையும் கூலியைச் சங்க லாபத்திலிருந்து ஈடுகட்டலாம். மருத்துவமனையில் தாளை எழுதும் மருத்துவர், எந்தக் கால் ஜக்கார்டு மிதிக்கிறது, குழியில் படி இருக்கிறதா, துணைக்கு யார் உட்காருவார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அதிலேயே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.